எடை குறைக்க ஆபரேஷனா?

2022 மே மாதம். பெங்களூர் ராஜாஜி நகரில் ஓர் ஆஸ்பத்திரி. கன்னடத் தொலைக்காட்சி நடிகை சேத்தனா ராஜ் அங்கே போனார். வயது 21. கொழுப்பை எடுக்கும் ஆபரேஷன் செய்துகொண்டார். பெற்றோரிடம் சொல்லவில்லை. பிறகு அவருக்கு மூச்சுத் திணறியது. அன்றே இறந்துபோனார்.

ராஜாஜி நகர் ஊருக்கு மேற்கே. நம் மர்பி டவுன் கிழக்கே. ஆனால் செய்திக்குத் தூரம் ஏது? எடை குறைக்கும் ஆபரேஷன் என்றாலே பலருக்குப் பயம் வந்துவிட்டது.

பயப்படுவதில் தப்பில்லை. ஆனால் நாம் இரண்டு ஆபரேஷன்களை ஒன்று என்று நினைக்கிறோம்.

தோலுக்கு அடியில் குழாய் விட்டுக் கொழுப்பை உறிஞ்சி எடுப்பது ஒன்று. அது உடலின் வடிவத்துக்காக. உடல் பருமன் என்ற நோயை அது தீர்க்காது.

மற்றொன்று இரைப்பையில் செய்வது. இதுதான் பருமனுக்கு உரிய சிகிச்சை. வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்கிறார்கள். இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுப்பார்கள். பை போல இருந்தது வாழைப்பழம் போல ஆகிவிடும். பசியைத் தூண்டும் ஒரு சுரப்பும் குறையும். இன்னொரு முறையும் உண்டு. இரைப்பையைச் சிறியதாக்கி, குடலின் ஒரு பகுதியைத் தாண்டி உணவு போகும்படி இணைப்பார்கள்.

பலருக்கு எடை நன்றாகக் குறைகிறது. சர்க்கரை நோயும் கட்டுக்குள் வருகிறது. சிலருக்கு மாத்திரையே தேவைப்படுவதில்லை.

இது யாருக்கு? கொஞ்சம் தொப்பை உள்ளவருக்கு அல்ல. 160 சென்டிமீட்டர் உயரம் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் 96 கிலோவுக்கு மேல் இருந்தால் டாக்டர்கள் இதைப் பற்றி யோசிப்பார்கள். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு போன்ற நோயும் இருந்தால் 83 கிலோவிலேயே யோசிப்பார்கள். இந்தியாவில் பல டாக்டர்கள் வைத்திருந்த கணக்கு இது. 2022-இல் வந்த உலக வழிகாட்டி ஆசியர்களுக்கு இந்த அளவை இன்னும் குறைத்திருக்கிறது.

ஆபரேஷன் முடிந்தால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். முதல் சில நாள் நீர் ஆகாரம்தான். பிறகு கூழ், குழைந்த சோறு. முன்பு இரண்டு களி உருண்டை சாப்பிட்டவருக்கு இனி சில வாயிலேயே வயிறு நிறைந்துவிடும். மென்று மென்று சாப்பிட வேண்டும். அவசரமாக விழுங்கினால் வாந்தி வரும். பந்தியில் "இன்னும் ஒரு கரண்டி" என்று அவரை வற்புறுத்தாதீர்கள்! இரும்பு, கால்சியம், வைட்டமின் மாத்திரைகளை வாழ்நாள் முழுவதும் சாப்பிட வேண்டும். விட்டுவிட்டால் ரத்த சோகை வரும். எலும்பு தேயும். பழையபடி தின்றால் எடையும் திரும்பி வரும்.

ஆபத்தே இல்லையா? உண்டு. தையல் போட்ட இடம் கசியலாம். ரத்தம் கட்டலாம். எனவே விளம்பரப் பலகையை நம்பிப் போக வேண்டாம். முதலில் சிவாஜி நகர் பௌரிங் போன்ற அரசு ஆஸ்பத்திரியில் எடை, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மூன்றையும் பாருங்கள். ஆபரேஷன் வேண்டும் என்று டாக்டர் சொன்னால், செய்யும் இடத்தில் கேளுங்கள்: மயக்க மருந்து டாக்டர் உண்டா? தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டா? பிறகு யார் பார்ப்பார்கள்? கேட்கப் போகும்போது வீட்டில் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள்.