சடையை வெட்டின டப்பி

நுகேகொடையில் 138 பஸ் ஏறி ஹோமாகமவில் இறங்கி ஓட்டோ பிடித்தால் தியகம. ஜப்பான் உதவியோடு அமைந்த பேஸ்போல் மைதானம் அங்கேதான். கிரிக்கெட் பைத்தியமான என் மகளுக்கு இப்ப இந்த விளையாட்டுத்தான். "பிள்ளைகளுக்கெண்டு லீக் தொடக்கினது ஆரம்மா?" என்றாள்.

கார்ல் ஸ்டோட்ஸ். 1939, அமெரிக்காவின் வில்லியம்ஸ்போர்ட். மூன்றே அணிகள். சின்னக் கால்களுக்காக பேஸ்களுக்கு இடையிலான 90 அடியை 60 ஆக்கினார். நல்ல மனுசன்தான், ஆனால் அவர் திட்டத்தில் பெண் பிள்ளைகள் இல்லை.

1950இல் கேத்ரின் ஜோன்ஸ்டன் சடையை வெட்டி, 'டப்பி' என்ற பெயரில் பையனாக அந்த லீக்கில் சேர்ந்தாள். அடுத்த வருசமே பெண்களுக்குத் தடை! வழக்காடித்தான் 1974இல் அது நீங்கியது. பெண்களுக்கான சொஃப்ட்போலும் அதே ஆண்டில் வந்தது.

"டப்பியைப் பிடிச்சிட்டினமா?"

அவளே பயிற்சியாளரிடம் உண்மையைச் சொன்னாள். அவர் விலக்கவில்லை; முதல் பேஸில் தொடர்ந்து ஆடினாள்.