உஷார்! வெள்ளத்தில் மூழ்கிய லேண்ட்மாஸ்டரை அப்படியே வயலில் இறக்காதீர்கள்

"ஸ்டார்ட் ஆகுதே தம்பி, பிறகென்ன?" என்றார் பக்கத்து வீட்டு மாமா. சிறுபோகத்துக்கு உழ வேண்டுமென்று, நவம்பரிலிருந்து கொட்டிலில் கிடந்த லேண்ட்மாஸ்டர் கை ட்ரெக்டரை அன்றுதான் வெளியே இழுத்திருந்தார். நான் டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துக் காட்டினேன். பிளேன்டி நிறத்திலோ, கறுத்தோ இருக்க வேண்டிய ஒயில், நுரை கட்டிய பால் தேத்தண்ணியாக வந்தது. அளவும் கோட்டுக்கு மேலே நின்றது. மாமா அதற்குப் பிறகு பேசவில்லை.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மகாவலி பெருகிக் கம்பளைக்குள் புகுந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அன்று தண்ணீருக்குள் நின்ற மெஷின்கள் பெரும்பாலும் இரண்டு வகை. அப்போதே செத்தவை கராஜுக்குப் போய்விட்டன. சேற்றைக் கழுவி, ஒரு தரம் ஸ்டார்ட் பண்ணி, "ஓடுது" என்று சாத்தி வைத்தவைதான் பயங்கரம். ஒயிலோடு கலந்த தண்ணீர் நாலு மாதமாக பெயாரிங்கைத் தின்றுகொண்டிருக்கிறது. சேற்று வயலில் முழுப் பாரம் ஏறும்போது அது தன் வேலையைக் காட்டும்.

வெள்ளத்துக்குப் பிறகு ஒரு தடவைகூட ஸ்டார்ட் பண்ணாத மெஷினா? தயவுசெய்து கிராங்க் ஹேண்டிலைத் தொடாதீர்கள். தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் அது நின்றால் பிஸ்டன் மேலே வர வழியில்லாமல் கனெக்டிங் ரொட் வளையும். இன்ஜெக்டரைக் கழற்றிவிட்டுக் கையால் மெல்லச் சுற்றிப் பார்க்க வேண்டும். பழக்கமில்லாதவர் மெக்கானிக் பாஸைக் கூப்பிடுவதே நல்லது.

ஒயிலை ஒரு தரம் மாற்றினால் போதாது. புது ஒயில் விட்டு, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, திரும்பவும் வடியுங்கள். கியர்பொக்ஸ் ஒயிலை முக்கால்வாசிப் பேர் மறந்துவிடுகிறோம், அதற்குள்ளும் தண்ணீர் போயிருக்கும். டீசல் டாங்கியின் அடியிலிருந்து ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து அரை மணி நேரம் வையுங்கள். டீசலைவிடத் தண்ணீர் பாரம், அடியில் தனியாகக் கோடு கட்டி நிற்கும். எயார் கிளீனர் கிண்ணத்தைத் திறந்தால் மகாவலி வண்டல் அப்படியே படிந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

பெரிய ட்ரெக்டர்காரருக்கு இன்னொரு எச்சரிக்கை. வயலில் திருப்புவதற்காகப் பிரித்துவிட்ட இரண்டு பிரேக் பெடலையும் ரோட்டுக்கு ஏறுமுன் கொக்கி போட்டு இணையுங்கள். புசல்லாவைப் பக்கமிருந்து பாரத்தோடு இறங்கும்போது ஒரு பக்கச் சில்லு மட்டும் பிடித்தால் வண்டி சுழன்று புரளும். மூழ்கிய பிரேக்கைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் அந்த இறக்கத்துக்கே போகாதீர்கள். பின்னாலிருந்து மற்றக் கருவிகளை ஓட்டும் பி.டி.ஓ. தண்டின் கவர் வெள்ளத்தில் போயிருந்தால் புதிதாகப் போட்ட பிறகே தொடங்குங்கள். அது நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9. சாரத்தின் நுனி சிக்கினால் கையெடுக்க நேரமிருக்காது.

மலிவு விலையில் மெஷின் வருகிறது என்று யாராவது சொன்னாலும் உஷார். புதுப் பெயின்ட்டை விட்டுவிட்டு, ஹெட்லைட் கண்ணாடிக்கு உள்ளே சேற்றுக் கறை இருக்கிறதா, சீட்டுக்கு அடியில் வண்டல் இருக்கிறதா என்று பாருங்கள்.

இதையெல்லாம் இன்றைக்கே செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நோன்புப் பெருநாளும் சித்திரை வருடப்பிறப்பும் இந்த முறை சில கிழமை இடைவெளியில் வருகின்றன. கராஜும் ஸ்பெயார் பார்ட்ஸ் கடையும் பூட்டிக் கிடக்கும். திறக்கிற நாளில் எல்லாரும் ஒன்றாகப் போய் நிற்பார்கள்.

மாமாவின் மெஷின் நேற்றுத்தான் கராஜுக்குப் போனது. அதற்கு முன்னால் எட்டு மெஷின் நிற்கிறதாம். வருடப்பிறப்பு கழிந்துதான் கை வைக்கலாம் என்று பாஸ் சொல்லிவிட்டார்.