எறும்புப் பெட்டியும் காப்புரிமையும்

கொடைக்கானலிலிருந்து மேல்மலைக்குச் செல்லும் பேருந்து பூம்பாறையையும் மன்னவனூரையும் தாண்டிய பின்னரே கவுஞ்சியை அடைகிறது. மலைச்சரிவில் படிப்படியாக வெட்டப்பட்ட வயல்களில் பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும் சிற்றூர் அது. அவ்வூர் மாணவர் சிலரிடம் எறும்புகளின் வாழ்க்கையைப் பற்றிப் பேசுவதற்காக ஒருமுறை நான் அங்கே சென்றிருந்தேன். பேச்சு முடிந்ததும், பூண்டு பயிரிடும் குடும்பத்தைச் சேர்ந்த மாணவன் ஒருவன் துணி போட்டு மூடிய பெட்டி ஒன்றைச் சுமந்துகொண்டு என்னிடம் வந்தான். மற்றவர்கள் வெளியேறும்வரை அவன் துணியை விலக்கவில்லை. பிறகு மெல்லிய குரலில், “ஐயா, இதற்குக் காப்புரிமை வாங்க முடியுமா?” என்று கேட்டான்.

அது எறும்பு வளர்க்கும் பெட்டி. அச்சில் வார்த்த சுண்ணச்சாந்துப் பலகையில் அறைகளும் வழிகளும் குடைந்து, மேலே கண்ணாடி பொருத்தியிருந்தான். ஒரு முனையில் தகரத்தடுப்புக்கு அப்பால் வெந்நீர் அடைத்த புட்டி ஒன்றை வைப்பதற்கு இடம் விட்டிருந்தான். மேல்மலையின் இரவுக் குளிரில் பெட்டியின் ஒரு பக்கம் வெதுவெதுப்பாகவும் மறுபக்கம் குளிர்ந்தும் இருக்கும். எறும்புகள் தம் குஞ்சுகளைத் தமக்கு உகந்த வெப்பமுள்ள அறைக்குத் தூக்கிச் செல்லும். சிறுவனின் அறிவைக் கண்டு நான் வியந்தேன். ஆயினும் அவனுடைய கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூற இயலவில்லை. அன்று அவனுக்குச் சொன்னதையே இன்று உங்களுக்கும் விளக்க முற்படுகிறேன்.

காப்புரிமை என்பது அரசுக்கும் கண்டுபிடிப்பாளனுக்கும் இடையே ஏற்படும் ஓர் உடன்பாடு. ‘நீ கண்டறிந்ததை ஒளிக்காமல் உலகுக்கு எழுதிக் கொடு, அதற்கு ஈடாக, உன் அனுமதியின்றிப் பிறர் அதைச் செய்யவோ விற்கவோ கூடாது எனத் தடுக்கும் உரிமையைக் குறித்த காலத்துக்கு உனக்குத் தருகிறேன்’ என்கிறது அரசு. நம் நாட்டில் முதற் காப்புரிமைச் சட்டம் 1856 ஆம் ஆண்டில் தோன்றியது. அவ்வாண்டிலேயே கல்கத்தாவில் டிபென்னிங் என்பவர், கூரையில் தொங்கும் பங்காவை இழுக்கும் பொறி ஒன்றுக்கு உரிமை கோரினார். இப்போது நடைமுறையில் இருப்பது 1970 ஆம் ஆண்டுச் சட்டம். இதன்படி விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு உரிமை நிலைக்கும்.

இவ்வுரிமையைப் பெற மூன்று சோதனைகளில் தேற வேண்டும். பொருள் புதியதாக இருக்க வேண்டும். அத்துறை அறிந்தவர் எளிதில் எண்ணிவிட முடியாததாக இருக்க வேண்டும். தொழிலில் பயன்படத் தக்கதாக இருக்க வேண்டும். முன்பே அறியப்பட்ட பொருள்களை, அவை ஒவ்வொன்றும் தன் பழைய வேலையையே தனித்தனியே செய்யுமாறு பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிவைப்பது மட்டும் கண்டுபிடிப்பு ஆகாது என்றும் சட்டம் கூறுகிறது.

இனி எறும்புப் பெட்டிக்கு வருவோம். இங்கிலாந்தில் சர் ஜான் லப்பக் என்பவர் கண்ணாடித் தகடுகளுக்கு இடையே மண்ணைப் பரப்பி எறும்புகளை வளர்த்தார். தம் ஆராய்ச்சிகளை 1882 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அவரிடம் இருந்த ராணி எறும்பு ஒன்று ஏறக்குறைய 15 ஆண்டுகள் உயிர் வாழ்ந்தது. பின்னர் பிரான்சு நாட்டு அறிஞர் சார்லஸ் ஜானே, சுண்ணச்சாந்தில் அறைகள் குடைந்து கண்ணாடியால் மூடிய கூட்டைச் செய்தார். இரசாயனம் பயிலும் மாணவர்கள், தனிமங்களை இடப்பக்கப் படிக்கட்டு வடிவில் அடுக்கிய ஜானேயை அறிந்திருக்கலாம், அவரே இவர். அவருடைய கூட்டில் ஒரு முனையில் நீர்த்தொட்டி இருக்கும். நீர் சாந்தில் ஊறிப் பரவுவதால் அருகிலுள்ள அறை ஈரமாகவும், அடுத்தது சற்று உலர்ந்தும், கடைசி அறை முற்றும் உலர்ந்தும் இருக்கும். எறும்புகள் வேண்டிய அறையைத் தாமே தேர்ந்துகொள்ளும். 1900 ஆம் ஆண்டுப் பாரிசுப் பொருட்காட்சியில் அக்கூடு வைக்கப்பட்டது. ஜானே அதற்குக் காப்புரிமை கோரவில்லை. அமெரிக்க அம்மையார் அடேல் ஃபீல்டு எளிதில் தூக்கிச் செல்லத் தக்க கண்ணாடிக் கூடு ஒன்றை அமைத்து, அதைச் செய்யும் முறையையும் ஆராய்ச்சி இதழில் எழுதி வெளியிட்டார்.

இவ்வளவும் அச்சில் வந்துவிட்டபின், கண்ணாடியும் சாந்தும் நீர்த்தொட்டியும் இன்று எவருக்கும் புதியவை அல்ல. கவுஞ்சி மாணவனின் பெட்டியில் எஞ்சுவது வெப்பப் புட்டி ஒன்றே. ஈரத்தைப் படிப்படியாக அமைத்தவரைப் பின்பற்றி வெப்பத்தைப் படிப்படியாக அமைப்பது, எறும்பு வளர்ப்பில் தேர்ந்தவருக்கு எட்டாத சிந்தனையா? அவ்வாறு வாதிடுவது கடினம். முதற் சோதனையில் ஒருவேளை தேறினாலும், இரண்டாவதில் அவன் பெட்டி தடுமாறக்கூடும்.

அப்படியானால் எறும்புப் பெட்டிக்கு யாருமே காப்புரிமை பெற்றதில்லையா எனக் கேட்பீர்கள். பெற்றிருக்கிறார்கள். அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியைச் சேர்ந்த பேராசிரியர் ஃபிராங்க் ஆஸ்டின் 1929 ஆம் ஆண்டில் விண்ணப்பித்து, 1931 மே 5 ஆம் நாள் உரிமை பெற்றார். மண்ணுக்கு மேலே பண்ணை வீடு, அரண்மனை முதலிய காட்சிகளை அமைத்த கல்விக் கருவியாக அதை அவர் வருணித்தார். ஆயினும் இத்துறையில் பெரும் பொருள் ஈட்டியவர் அவர் அல்லர். 1956 ஆம் ஆண்டில் மில்டன் லெவின் என்ற வியாபாரி பிளாஸ்டிக்கில் மலிவான பெட்டி ஒன்றைச் செய்து, ‘எறும்புப் பண்ணை’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரிட்டு விற்றார். எறும்புகளைத் தபாலில் அனுப்பும் ஏற்பாட்டையும் செய்தார். அப்பெயரை வணிகக் குறியாகப் பதிவு செய்துகொண்டார். மக்கள் தேடி வாங்கியது அந்தப் பெயரையும், வீட்டு வாயிலுக்கு எறும்பு வந்து சேரும் வசதியையுமே அன்றோ?

உரிமை கிடைத்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அதைக் காப்பவர் யார்? காவலர் வந்து காக்கமாட்டார். மீறியவனைக் கண்டுபிடிப்பதும், வழக்குத் தொடுப்பதும், செலவு செய்வதும் உரிமையாளன் பொறுப்பே. இதற்கு எறும்பின் உறவினமாகிய தேனீயின் வரலாறு நல்ல சான்று.

அமெரிக்கப் பாதிரியார் லாங்ஸ்ட்ராத் 1851 ஆம் ஆண்டில் ஓர் உண்மையைப் பயன்படுத்தினார். ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான இடைவெளியை விட்டால், தேனீக்கள் அதை மெழுகாலோ பிசினாலோ அடைக்காமல் நடைபாதையாக வைத்துக்கொள்கின்றன. அந்த இடைவெளியுடன் சட்டங்களைத் தொங்கவிட்டால், கூட்டைச் சிதைக்காமல் அடைகளை எடுத்துப் பார்க்கலாம். 1852 அக்டோபர் 5 ஆம் நாள் அதற்குக் காப்புரிமை பெற்றார். அது உண்மையிலேயே பெரிய கண்டுபிடிப்பு. எனினும் மரமும் ஆணியும் உள்ள எந்தத் தச்சனும் அதைச் செய்துவிட முடிந்தது. ஊர்தோறும் பிறர் செய்தனர். அவர் வழக்குகளில் உழன்றார். எதிர்பார்த்த வருவாய் வரவில்லை. அவருக்கு அழியாப் புகழ் தந்தது, 1853 ஆம் ஆண்டில் தேனீயைப் பற்றி அவர் எழுதிய நூலே.

அமெரிக்கப் பெட்டி நம் நாட்டுச் சிறிய தேனீக்கு மிகப் பெரியது. திருச்சிராப்பள்ளியில் பாதிரியார் நியூட்டன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் தேனீக்கு ஏற்ற சிறிய பெட்டியை அமைத்து, கிராம மக்களுக்கும் தேனீ வளர்ப்பைப் பயிற்றுவித்தார். அதன் அளவுகள் நூல்களிலும் இந்தியத் தர நிர்ணயத்திலும் இடம்பெற்றன. அளவு ஒன்றாக இருப்பதால் ஓர் ஊரில் செய்த சட்டம் மற்றோர் ஊர்ப் பெட்டியில் பொருந்துகிறது. பொருந்துவதால் தேனீ வளர்ப்போர் ஒருவருக்கொருவர் உதவ முடிகிறது. இன்றும் தென்னாட்டில் அப்பெட்டிக்கு ‘நியூட்டன் பெட்டி’ என்பதே பெயர். செய்தவரின் பெயரைச் செய்த பொருளே சுமந்து வருகிறது.

ஒளித்துவைப்பதில் வேறொரு கேடும் உண்டு. அதை என் அனுபவத்தில் அறிவேன். கல்லூரி நாட்களில் நானும் ஒரு சாந்துக் கூடு செய்து, யாரேனும் திருடிவிடுவார்களோ என அஞ்சி, விடுதிக் கட்டிலுக்கு அடியில் மறைத்துவைத்தேன். நீர்த்தொட்டியைக் கூட்டின் நடுவே அமைத்திருந்தேன். எல்லா அறைகளும் ஒருசேர ஈரமாயின; பூஞ்சணம் படர்ந்தது; ஒரு மாதத்துக்குள் எறும்புகள் அனைத்தும் மடிந்தன. ஈரம் ஒரு முனையில் மட்டும் இருக்க வேண்டும் என்பதைப் பின்னரே நூலகத்தில் படித்தேன். ஜானே அதை எழுதிவைத்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியிருந்தன! நான் யாரிடமாவது காட்டியிருந்தால் அவ்வுயிர்கள் பிழைத்திருக்கும். நான் புதிதென எண்ணி மறைத்தது பழையது, அதிலும் பிழையானது.

ஆயினும், ‘எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுத்துவிடு’ என்று ஏழை மாணவனிடம் உபதேசிப்பது எளிது. அவன் உழைப்பை வசதி படைத்தவர் நகலெடுத்து விற்றால் அவன் அடையும் வருத்தம் பொய்யன்று. அவனுக்கு வேறு வழிகள் உண்டு. பெட்டியின் வெளித்தோற்றம் புதியதாயின் 2000 ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யலாம். அது முதலில் 10 ஆண்டுகளும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டுகளும் நிற்கும். தான் விற்கும் பெட்டிக்கு ஒரு பெயரிட்டு, அதை வணிகக் குறியாகப் பதியலாம். செய்முறையைத் தேதியிட்டு வெளியிட்டுவிட்டால், பின்னர் வேறொருவர் அதையே தம் கண்டுபிடிப்பெனக் காப்புரிமை கேட்க வழியிராது. கவுஞ்சி மக்களுக்குப் பெயரின் வலிமை தெரியாததன்று. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அது எந்தத் தனி மனிதருக்கும் சொந்தமன்று. அம்மலையில் அப்பூண்டை விளைவிப்போர் அனைவருக்கும் பொதுவான உரிமை.

காப்புரிமையே வேண்டாம் என்றும் நான் கூறவில்லை. கருவி உண்மையில் புதியதாகவும், வாங்குவோர் பலராகவும், நகலெடுப்போரைக் கண்டறிய முடிவதாகவும் இருந்தால் விண்ணப்பிப்பது அறிவுடைமை. தனி மனிதருக்கு அரசுக் கட்டணம் சில ஆயிரம் ரூபாயே. ஆனால் விவரங்களைச் சட்ட முறைப்படி எழுதித் தரும் வல்லுநருக்கும், ஆண்டுதோறும் உரிமையைப் புதுப்பிப்பதற்கும் ஆகும் செலவு வேறு. இந்திய உரிமை இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும் என்பதையும் மறக்கலாகாது. எறும்பு வளர்ப்போரோ சிலர். அவர்களுள் பலர் பெட்டியைத் தாமே செய்துகொள்பவர்கள். ஆராய்ச்சிக்காகவும் மாணவருக்குக் கற்பிப்பதற்காகவும் காப்புரிமை பெற்ற பொருளையும் செய்து பயன்படுத்தலாம் என்று சட்டத்தின் 47 ஆம் பிரிவு இடம் தருகிறது. எனவே எறும்புப் பெட்டியைப் பெரிதும் பயன்படுத்தும் பள்ளிக்கூடத்தில் அவ்வேலிக்குப் பெரிய வேலை இல்லை.

இவற்றையெல்லாம் கேட்ட மாணவனிடம் இறுதியாக ஒன்று சொன்னேன்: “தம்பி, விண்ணப்பிக்கும் முன்னர் ஊரறியக் காட்டிவிட்டால் அது புதியது என்னும் தகுதியை இழக்கும், சில விதிவிலக்குகளே உண்டு. ஆகவே துணியை விலக்குமுன் நன்றாக எண்ணிப் பார். முடிவு உன்னுடையது.”

அன்றிரவு நான் அவ்வூரிலேயே தங்கினேன். மறுநாட் காலையில் அவன் பெட்டியை வகுப்பின் நடுவே வைத்துத் துணியை எடுத்துவிட்டான். மாணவர் சூழ்ந்துகொண்டனர். வெப்பப் புட்டியின் பக்கத்தில் கண்ணாடியின் உட்புறம் நீர்த்துளிகள் படிந்து, அறைகளை மறைத்திருந்தன. அதுவே பல நாட்களாக அவனைத் துன்புறுத்திய குறை. முன்வரிசையில் நின்ற சிறுமி ஒருத்தி, “அண்ணா, கண்ணாடி குளிருவதால்தானே வேர்க்கிறது? மேலே கம்பளித் துண்டு ஒன்றைப் போட்டு மூடுங்கள்” என்றாள். ஆட்டுரோம ஆராய்ச்சி நிலையம் இருக்கும் மன்னவனூருக்கு அண்டையில் வாழும் குழந்தைக்குக் கம்பளி நினைவு வந்தது வியப்பன்று. ஈரக்காற்று குளிர்ந்த பரப்பில் பட்டால் துளியாகும் என்பது நீங்கள் படித்த பாடமே. கண்ணாடியைக் குளிராமல் காத்தால் துளி குறையும். எறும்புகள் விரும்பும் இருளும் கிடைக்கும்.

அவன் தன் குறிப்பேட்டைத் திறந்தான். அன்றைய தேதியை எழுதினான். கம்பளி யோசனையை எழுதினான். அதன் கீழே அச்சிறுமியின் பெயரையும் எழுதிக்கொண்டான்.