காயத்தின் சுமை யாருக்கு?

சென்னையைச் சேர்ந்த டென்னிஸ் வீரர் பிரஜ்னேஷ் குணேஸ்வரன் 2024 நவம்பரில் ஓய்வை அறிவித்தார். விளையாட்டுப் பக்கங்களில் அச்செய்தி சில பத்திகளோடு முடிந்துபோனது. ஒற்றையர் ஆட்டத்தில் உலகின் 75-ஆவது இடம் வரை உயர்ந்தவர் அவர். அதைவிட நம் கவனத்துக்குரியது, அந்த இடத்துக்கு வருமுன் இரு முழங்கால்களிலும் ஏற்பட்ட எலும்பு விரிசல்களால் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளை அவர் இழந்தவர் என்பதுதான். ஒரு விளையாட்டு வீரரின் இருபதுகளில் ஐந்து ஆண்டுகள் என்பது சிறிய இழப்பன்று. அந்த இழப்பை யார் சுமந்தார்கள், யார் சுமந்திருக்க வேண்டும் என்பது விளையாட்டைவிடப் பொருளாதாரத்துக்கு நெருக்கமான கேள்வி. பொருளாதாரம் கற்பித்தவன் என்ற உரிமையில்தான் இதைப் பற்றி எழுதுகிறேன்.

1989-இல் பிறந்த பிரஜ்னேஷ், 2010-இல் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தார். மேலே ஏற வேண்டிய பருவத்தில் முழங்கால்கள் அவரைக் கைவிட்டன. விளையாடுவதும், வலி வருவதும், ஒதுங்குவதும், திரும்புவதுமாக ஆண்டுகள் கழிந்தன. ஆட்டத்தை விட்டுவிடலாமா என்று எண்ணும் நிலைக்கும் அவர் வந்ததுண்டு. 2017 முடிவில் தரவரிசையில் 240-ஐ ஒட்டிய இடத்தில்தான் இருந்தார்.

அடுத்த பதினாறு மாதங்களில் நடந்தது வியப்புக்குரியது. 2018 ஏப்ரலில் சீனாவின் தியான்ஜின் நகரில் நடந்த டேவிஸ் கோப்பைப் போட்டியில் 0-2 எனப் பின்தங்கி, பின்னர் 2-2 எனச் சமன் செய்த இந்தியாவுக்கு, கடைசி ஆட்டத்தில் வூ யிபிங்கை வீழ்த்தி வெற்றி தேடித்தந்தார். ஜூனில் ஸ்டுட்கார்ட் புல்தரையில் கனடாவின் ஷபோவலோவை வென்றார். ஆகஸ்டில் ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெண்கலம். 2019 பிப்ரவரியில் முதல் நூறு பேருக்குள் நுழைந்தார். ஏப்ரலில் 75-ஆம் இடம். அந்த ஆண்டு நான்கு கிராண்ட்ஸ்லாம் போட்டிகளிலும் பிரதானச் சுற்றில் ஆடினார். நான்கிலும் முதல் சுற்றிலேயே தோற்றார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அப்போது அவருக்கு 29 வயது. இழந்த ஐந்து ஆண்டுகள் கையில் இருந்திருந்தால் எதுவரை சென்றிருப்பார் என்று கணக்கிட எந்தச் சூத்திரமும் இல்லை.

இத்தகைய காயம் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? எலும்பு உயிருள்ள திசு. ஓடும்போதும் திடீரென நின்று திரும்பும்போதும் அதில் நுண்ணிய சிதைவுகள் தோன்றுகின்றன. ஓய்வின்போது உடல் அவற்றைச் செப்பனிடுகிறது. சிதைவின் வேகம் செப்பனிடும் வேகத்தை மிஞ்சும்போது மயிரிழை விரிசல் விழுகிறது. தொடக்கத்தில் எக்ஸ்ரே படத்தில்கூட அது தெரியாமற்போகலாம். இதற்கு முதன்மையான மருந்து காலம்தான். வலி குறைந்துவிட்டது என்பது எலும்பு முழுதாகச் சேர்ந்துவிட்டது என்பதற்கு அடையாளமன்று. வலி நின்றதும் களம் இறங்குபவர், பெரும்பாலும் பழைய விரிசலையே மீண்டும் திறக்கிறார்.

இதை அறியாதவர்களா வீரர்கள்? நன்கு அறிவார்கள். ஆனால், டென்னிஸின் கணக்கேடு அவர்களைக் காத்திருக்க விடுவதில்லை. ஒருவர் ஈட்டும் தரவரிசைப் புள்ளிகள் 52 வாரங்களில் காலாவதியாகின்றன. ஆறு மாதம் படுத்தால் பாதிப் புள்ளிகள் போகும். ஓராண்டு படுத்தால் எல்லாம் போகும். புள்ளிகள் போனால் பெரிய போட்டிகளுக்கான நுழைவு போகும். நுழைவு போனால் வருமானம் போகும். ஆகவே ஓய்வு என்பது இங்கே விலையுயர்ந்த பண்டம். விலை கொடுக்க இயலாதவர் முழுதாகக் குணமாகுமுன் திரும்புகிறார். மீண்டும் மீண்டும் வரும் காயத்துக்கு உடல் பாதிக் காரணம் என்றால், இந்த ஏற்பாடு மறுபாதி.

நான் வாழும் தருவைகுளத்தில் இதைப் புரியவைப்பது எளிது. தங்குகடல் போகும் விசைப்படகில் மாதச் சம்பளம் கிடையாது, பங்குதான். டீசல், ஐஸ்கட்டி, சாப்பாட்டுச் செலவு போக மிஞ்சுவதைப் படகுக்கும் ஆள்களுக்குமாகப் பிரிக்கிறார்கள். கை ஒடிந்து கரையில் இருப்பவருக்குப் பொதுவாகப் பங்கு இல்லை. அதனால்தான் கட்டு அவிழ்க்குமுன் கடலுக்குப் புறப்படுபவர்களை இந்தக் கரையில் காண்கிறோம். டென்னிஸ் வீரரும் பங்குக்காரரே. ஒரே வேறுபாடு, விமானக் கட்டணம், விடுதி, பயிற்சியாளர், உடலியக்கச் சிகிச்சையாளர் என்று செலவு முழுவதும் அவர் தலையில். பங்கு வந்தாலும் வராவிட்டாலும் செலவு நிற்காது. 2019 விம்பிள்டனில் முதல் சுற்றில் தோற்றவருக்கே 45,000 பவுண்டு கிடைத்தது. சேலஞ்சர் நிலைப் போட்டியில் முதல் சுற்றில் தோற்றவருக்குக் கிடைப்பதோ சில நூறு டாலர். பயணச் செலவுக்கே போதாது.

பாதுகாப்பே இல்லையா என்றால், உண்டு. குறைந்தது ஆறு மாதம் ஆட முடியாமற்போனவர் 'பாதுகாக்கப்பட்ட தரவரிசை' கோரலாம். காயமடைந்த முதல் மூன்று மாதங்களில் அவர் வகித்த சராசரி இடத்தைக் கணக்கில்கொண்டு, திரும்பிய பின் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான போட்டிகளில் அனுமதிப்பார்கள். நல்ல விதிதான். ஆனால், அது யாருக்குப் பயன்படும்? அர்ஜென்டீனாவின் டெல் போட்ரோவை எடுத்துக்கொள்வோம். 2009-இல் அமெரிக்க ஓப்பனை வென்றவர். மணிக்கட்டு அறுவைச் சிகிச்சைகளுக்குப் பிறகு 2016 பிப்ரவரியில் அவர் திரும்பியபோது தரவரிசையில் ஆயிரத்துக்கும் கீழே இருந்தார். ஆனாலும் காயத்துக்கு முந்தைய உயர்ந்த இடம் பெரிய போட்டிகளின் கதவுகளைத் திறந்தது. பெயரைக் கேட்டே வைல்டு கார்டு தரவும் ஆளிருந்தது. அதே ஆண்டில் ஒலிம்பிக் வெள்ளி வென்றார். 2018-இல் உலகின் 3-ஆம் இடத்தைத் தொட்டார். பிறகு முழங்கால் அவரையும் வீழ்த்தியது வேறு கதை. முந்நூறாவது இடத்தில் இருக்கும்போது காயமடைபவருக்குப் பாதுகாக்கப்படுவது முந்நூறாவது இடம்தான். அந்தச் சாவிக்குப் பெரிய கதவு எதுவும் திறக்காது.

ஆடவர் டென்னிஸ் அமைப்பான ஏடிபி 2024-இல் 'பேஸ்லைன்' என்ற வருமான உறுதித் திட்டத்தைத் தொடங்கியது. காயத்தால் ஓராண்டில் ஒன்பதுக்கும் குறைவான போட்டிகளில் ஆடியவர், முதல் நூறு பேருக்குள் இருந்தால் 2 லட்சம் டாலர், 175 வரை 1 லட்சம், 250 வரை 50,000 என்று அப்போது வரையறுத்தார்கள். வரவேற்க வேண்டிய மாற்றம். ஆயினும் 250 என்ற கோடு எங்கே விழுகிறது என்று பாருங்கள். ஏறிக்கொண்டிருப்பவர்கள், காயத்தால் சறுக்கியவர்கள் ஆகியோரில் பெரும்பாலோர் அக்கோட்டுக்குக் கீழேதான் நிற்கிறார்கள். இழப்பைத் தாங்கும் வலு அதிகமுள்ளவருக்கு அதிகக் காப்பீடும், வலுவற்றவருக்கு ஒன்றுமில்லை என்பதும் காப்பீட்டின் அடிப்படைக்கே முரணானவை.

நம்மவர்களில் சிலருக்கு இரட்டையர் ஆட்டம் மாற்றுவழியானது. 2007-இல் ஒற்றையரில் 27-ஆம் இடம் வரை சென்ற சானியா மிர்சா, மணிக்கட்டுக் காயத்தால் தடுமாறி, 2013-இல் ஒற்றையரைக் கைவிட்டு, 2015-இல் இரட்டையரில் உலகின் முதலிடம் பெற்றார். 2009-இல் ஆஸ்திரேலிய ஓப்பன் ஜூனியர் பட்டம் வென்ற யூகி பாம்ப்ரி, 2018-இல் 83-ஆம் இடத்தை எட்டிய கையோடு முழங்காலால் நீண்டகாலம் ஒதுங்கி, பின்னர் இரட்டையர் வீரராக மாறினார். பிரஜ்னேஷுக்கு அந்த வழியும் அமையவில்லை.

ஒப்பந்தத்தில் உள்ள கிரிக்கெட் வீரர் காயமடைந்தால் வாரியமும் அதன் பெங்களூரு மையமும் அவரைப் பார்த்துக்கொள்கின்றன. டென்னிஸில் அந்த வாரியத்தின் இடத்தில் இருப்பது பெற்றோரின் சேமிப்பு. அதனால்தான் நம் ஊரில் இந்த ஆட்டம் வசதியுள்ள வீடுகளைத் தாண்டி வரமாட்டேன் என்கிறது.

பணம் இல்லை என்பதை ஏற்க இயலாது. 2024 அமெரிக்க ஓப்பனின் மொத்தப் பரிசுத்தொகையும் ஈட்டுத்தொகைகளுமாக 7.5 கோடி டாலர். அதில் ஒரு சதவீதம் என்றாலே, 250-க்கு அப்பாலுள்ள 50 பேருக்கு ஆளுக்கு 15,000 டாலர் தரலாம். அதைக் கொண்டு வாழ்ந்துவிட முடியாது. ஆனால், எலும்பு சேரும்வரை காத்திருக்கும் துணிவை அது தரும். பொய்க் காயம் காட்டிப் பணம் பெறுவார்களே என்று என் துறை நண்பர்கள் கேட்பார்கள். எம்ஆர்ஐ படத்தை ஏமாற்றுவது வருமான வரி அலுவலகத்தை ஏமாற்றுவதைவிடக் கடினம்.

கிராண்ட்ஸ்லாம் பணம் நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பது வேறொன்று. 1997 முதல் 2017 வரை சென்னையில் நடந்த ஏடிபி போட்டி, பிரஜ்னேஷ் குணமாகி எழுந்த 2018-இல் புணேவுக்குப் போய்விட்டது. ஆனால், சேலஞ்சர் போட்டிகள் அண்மை ஆண்டுகளில் நுங்கம்பாக்கத்தில் நடக்கின்றன. அவற்றின் வைல்டு கார்டுகள் சில, அமைப்பாளர்களின் விருப்பத்துக்கு உட்பட்டவை. அவற்றுள் ஒன்றை, ஆறு மாதத்துக்கு மேல் காயத்தால் ஒதுங்கியிருந்து திரும்பும் இந்திய வீரருக்கு என்று ஆண்டுதோறும் ஒதுக்கிவைக்கலாம். அதற்குச் செலவு ஒரு ரூபாய்கூட ஆகாது.