கோல் எண்ணிக்கையில் ஒரு வாணிபம்



2024 ஜனவரியில் மஸ்கத் நகரில் ஐவர் ஹாக்கி உலகக் கோப்பையின் மகளிர் இறுதி ஆட்டம் நடைபெற்றது. நெதர்லாந்து ஏழு கோல் போட்டது. இந்தியா இரண்டு போட்டது. நம் அணிக்குத் தலைமை தாங்கியவர் கோல் காப்பாளர் எதிமரப்பு ரஜனி. பழைய சித்தூர் மாவட்டத்து எனுமுலவாரிபள்ளி என்னும் சிற்றூர்க்காரர் அவர். சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறி வாழும் தமிழர்களும் தம் ஊர்ப் பெண்ணென்று பெருமை கொள்ளத்தக்கவர். ஆயினும் அந்த ஒன்பது கோலை வேறொரு கண்ணோடு எண்ணுகிறவர்களும் உலகில் உண்டு. அவர்களுக்கு யார் வென்றார் என்பது பொருட்டன்று. மொத்தம் எத்தனை என்பதே பொருட்டு.

இதனை ஊகச் சந்தை என்பர். ‘இன்றைய ஆட்டத்தில் ஐந்து கோலோ அதற்கு மேலோ விழுமா?’ என்பது கேள்வி. விழுந்தால் ‘ஆம்’ என்ற சீட்டுக்குப் பத்து ரூபாய், இல்லையேல் ஒன்றுமில்லை. ஒருவர் ஆறு ரூபாய் கொடுத்து ‘ஆம்’ வாங்கினால், எதிரே ஒருவர் நான்கு ரூபாய்க்கு ‘இல்லை’ வாங்கியிருக்க வேண்டும். விலை ஆறு என்றால், நூற்றுக்கு அறுபது பங்கு நடக்கும் என்று சந்தை கருதுவதாகப் பொருள். 1988-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தார் தேர்தல் முடிவை முன்னறிய இத்தகைய சந்தையொன்றை நடத்தினர். அங்கே அது ஆராய்ச்சி. கைப்பேசியில் புகுந்த பின் அது வேறாயிற்று.

விலை எவ்வளவு நுட்பமானது என்று பாருங்கள். ஓர் ஆட்டத்தில் சராசரி நான்கு கோல் எதிர்பார்க்கலாம் என்று கொண்டால், ஐந்தோ அதற்கு மேலோ விழும் வாய்ப்பு ஏறத்தாழ 37 விழுக்காடு. சராசரி ஐந்தானால் அது 56 ஆகிவிடும். ஒரே ஒரு கோல் வேறுபாடு, சீட்டின் விலையை ஏறக்குறைய இரண்டு ரூபாய் அசைக்கிறது! ஐவர் ஆட்டத்துக் கணக்கைப் பதினொருவர் ஆட்டத்திற்குப் பொருத்தியவன் கதி என்னாகும்? மேலும், பின்தங்கிய அணி கடைசி நிமிடங்களில் கோல் காப்பாளரை வெளியேற்றி, தாக்குவதற்கு ஓர் ஆளைக் கூட்டிக்கொள்ளும். காவலற்ற கோலில் பந்து எளிதில் புகும். இதையெல்லாம் அறிந்தவரே எதிரில் அமர்ந்து விற்கிறார்.

அறிந்தவரும் தப்புவது அரிது. ஐந்து ரூபாய்க்கு வாங்கிய சீட்டு சரிபாதி வாய்ப்புடையது என்போம். வென்ற பத்து ரூபாயில் நடத்துவோர் ஐம்பது காசு கழித்துக்கொண்டால், சராசரியாக ஒவ்வொரு சீட்டிலும் இருபத்தைந்து காசு நட்டம். இருபது சீட்டு வாங்கினால் ஒரு சீட்டின் முதல் முழுவதும் போயிற்று. நியூயார்க் பருத்தி விலை எண்ணை வைத்து பம்பாயில் ஆடிய சூதிலும் கதை இதுவே.

இதனினும் பெரிய கேடு ஒன்று உண்டு. வெற்றியை விலைபேச ஓர் அணியையே வளைக்க வேண்டும். கோல் எண்ணிக்கையை மாற்றவோ, முடிவு தீர்ந்துவிட்ட ஆட்டத்தில் ஒருவர் கை ஒரு நொடி தாமதித்தால் போதும். நேர்மையான காப்பாளர் விட்ட பந்தையும் ஐயத்தோடு பார்க்கும் நிலை அதனால் வருகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? ஆந்திரப் பிரதேசம் தன் 1974-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தை 2020-இல் திருத்தி, இணையவழிச் சூதையும் பந்தயத்தையும் தடுத்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை நாடு முழுதும் விலக்கியது. நடத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஊகச் சீட்டு விற்ற இந்திய நிறுவனங்களும் கடையை மூடின. மத்தியச் சட்டம் ஆடியவரைத் தண்டிப்பதில்லை. ஆந்திரச் சட்டமோ ஆடியவரையும் விடுவதில்லை. வேலூரிலிருந்து வந்து சித்தூரில் தொழில் செய்யும் இளைஞர் இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது நலம்.