செவியுள் ஒலிக்கும் இரு கருவிகள்

கண்ணுக்கு இமை உண்டு. செவிக்கு இமை இல்லை. காணவிரும்பாத காட்சியை இமைமூடி விலக்கிவிடலாம். கேட்கவிரும்பாத ஓசையை அவ்வாறு விலக்குதல் இயலாது. பேருந்தின் இரைச்சலும் சந்தையின் கூச்சலும் அனுமதி கேளாமலே உட்புகுகின்றன. இவ்விரைச்சலைப் புறத்தே நிறுத்தி, விரும்பிய இசையை மட்டும் உள்ளே அனுப்பும் கருவியாக இன்று எங்கும் வழங்குவது, செவித்துளையினுள் செருகிக் கேட்கும் இயர்போன். சில நூறு ரூபாய்க்கும் அது கிடைக்கிறது; இலட்சம் ரூபாய்க்கு மேல் விலைபெறுவனவும் உள. விலையுயர்ந்த கருவிகள் இரண்டினை அருகருகே வைத்துக் கேட்டால், அவை ஒரே பாட்டை ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. இரண்டும் தேர்ந்த பொறியியலாளரால் ஆக்கப்பட்டவை. இரண்டும் உண்மையான ஒலியைத் தருவதாகவே சொல்லப்படுபவை. அப்படியானால், ஒலியின் உண்மை இருவகைப்படுமா?

இவ்வினாவுக்கு விடைகாண, இசை விரும்பிகள் நடுவே பெயர்பெற்ற இரு கருவிகளை எடுத்துக்கொள்ளலாம். ஒன்று அமெரிக்காவில் தோன்றியது. மற்றையது ஜேர்மனியில் தோன்றியது. அமெரிக்கக் கருவி, எற்றிமோற்றிக் றிசேர்ச் நிறுவனத்தின் ஈ.ஆர். 4. இல்லினோய் மாநிலத்தில் 1983ஆம் ஆண்டு இந்நிறுவனத்தைத் தொடங்கிய மீட் கிலியன், செவிப்புலன் குறைந்தோர் அணியும் கருவிகளைப் பல்லாண்டு ஆராய்ந்த அறிஞர். 'செவிக்கு உண்மையானது' என்னும் கருத்திலேயே நிறுவனத்தின் பெயரும் அமைந்தது. செவிப்புலனைச் சோதிப்பதற்கென நுண்ணிய இயர்போன்களைச் செய்து பெற்ற பயிற்சியின் பயனாக, இசை கேட்பதற்கான ஈ.ஆர். 4, 1991இல் வெளிவந்தது. ஜேர்மன் கருவி, சென்ஹைசர் நிறுவனத்தின் ஐ.ஈ. 800. ஹனோவர் நகரை அடுத்த வென்னபோஸ்ரல் என்னும் ஊரில் 1945இல் ஃபிரிற்ஸ் சென்ஹைசர் தொடங்கிய அந்நிறுவனம், ஒலிவாங்கிகளாலும் ஹெட்போன்களாலும் உலகப் புகழ் பெற்றது. ஐ.ஈ. 800 வெளியான ஆண்டு 2012. முன்னையதன் விலை 350 டொலருக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. பின்னையதன் விலை ஏறத்தாழ 1,000 டொலராக இருந்தது. பின்னர் இரண்டுமே உருமாறின. 2016இல் ஈ.ஆர். 4 இரு புதிய வடிவங்கள் பெற்றது. 2017இல் ஐ.ஈ. 800 எஸ் என்பதும், 2021இல் ஐ.ஈ. 900 என்பதும் வந்தன. ஆயினும் இரு வேறு சிந்தனைகளைத் தெளிவாகக் காட்டுவன முதலில் வந்த அவ்விரண்டுமே.

ஐ.ஈ. 800இன் உள்ளே இருப்பது, வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கியைச் சுருக்கிவிட்டாற் போன்ற அமைப்பு. மெல்லிய தகடு ஒன்றின் பின்னே நுண்கம்பிச் சுருள்; அதனைச் சூழக் காந்தம். மின்னோட்டம் பாயுந்தோறும் சுருள் முன்னும் பின்னும் அசைந்து தகட்டை அதிரச் செய்கிறது. பெட்டியின் ஒலிபெருக்கி சாணளவு அகலம் என்றால், இத்தகட்டின் விட்டம் 7 மில்லிமீற்றர் மட்டுமே. ஈ.ஆர். 4இன் உள்ளிருப்பதோ, செவிப்புலன் கருவிகளில் வழங்கும் வேறொரு பொறி. சிறிய இரும்பு நாக்கு ஒன்று இரு காந்தங்களின் நடுவே, எப்பக்கமும் சாயாத தராசு முள்போல் நிற்கும். அதனைச் சூழ்ந்த சுருளில் மின்னோட்டம் மாறும்போது, நாக்கு ஒருமுறை இப்பக்கமும் மறுமுறை அப்பக்கமும் இழுபடும். அவ்வசைவை ஊசிபோன்ற தண்டு ஒன்று மெல்லிய தகட்டுக்குக் கொண்டுசெல்லும். சமநிலை ஆமேச்சர் என்பது இப்பொறியின் பெயர். ஒலி வேறுபாடு முழுவதும் இப்பொறி வேறுபாட்டினாலேயே விளைவதாகப் பலர் கருதுவர். அது பாதி உண்மையே. மறுபாதி செவியின் உள்ளே இருக்கிறது.

செவியின் வாயிலிலிருந்து செவிப்பறை வரை செல்லும் குழாய் ஏறத்தாழ 25 மில்லிமீற்றர் நீளமானது. அதன் ஒருமுனை திறந்தது; மறுமுனை மூடியது. வெற்றுப் போத்தலின் வாயில் ஊதினால் அது தனக்கென உரிய ஒரு சுரத்தை எழுப்புமன்றோ? அதுபோலவே செவிக்குழாயும் தனக்கு இசைந்த அதிர்வு வந்து சேரும்போது, அதனைப் பெருக்கிக் காட்டும். விஞ்ஞானிகள் இதனைப் பரிவு என்பர். செக்கனுக்கு 2,700 அதிர்வுகளை அண்டிய ஒலிகள் இவ்வாறு பெருகுகின்றன. பேச்சிலே மெய்யொலிகள் தெளிவாக விளங்குவதற்கு இப்பெருக்கம் பெரிதும் உதவுகிறது. பிறந்த நாள் முதல் இதனோடு கேட்டுப் பழகிய மூளை, இதனையே இயல்பு என்று கொள்கிறது.

இயர்போனைச் செருகியதும் குழாயின் திறந்த வாய் அடைபடுகிறது. இருமுனையும் மூடிய குழாய்க்குப் பரிவு வேறு. பழைய பெருக்கம் மறைகிறது. செக்கனுக்கு 7,000, 8,000 அதிர்வுகளை அண்டிய வேறோரிடத்தில் புதிய பெருக்கம் தோன்றுகிறது. மறைந்ததை ஈடுசெய்யாவிடின் குரல் மங்கும். புதிதாய்த் தோன்றியதை அடக்காவிடின் சகர ஒலிகள் சீறும். இவ்விரு வேலைகளையும் எவ்வாறு செய்வது என்பதிலேதான் இரு கருவிகளும் வழிபிரிகின்றன.

கிலியன் கண்ட வழி ஆழச் செல்லுதல். ஈ.ஆர். 4இன் முனையில் சிறு குடைகள் மூன்றினை அடுக்கியது போன்ற மென்மையான உறை உண்டு. அது செவிக்குழாயின் இரண்டாம் வளைவு வரை செல்லும். உள்ளே எஞ்சும் காற்றறை குறுகிவிடும். புல்லாங்குழலில் ஊதும் வாய்க்கு அண்மையிலுள்ள துளைகள் திறக்கப்படுந்தோறும் சுரம் உயர்வது போல, காற்றறை குறுகக் குறுகப் பரிவின் சுரமும் உயரும். எனவே வேண்டாத பெருக்கம், செவியை உறுத்தும் இடத்திலிருந்து மேலே தள்ளப்படுகிறது. ஒலி செல்லும் குழலில் வைத்த சிறு வடிகட்டி மற்றைய மேடுகளைத் தணிக்கிறது. மறைந்துபோன இயல்பான பெருக்கத்தைக் கருவியே மீள வழங்குகிறது. எல்லாத் திசைகளிலிருந்தும் ஒலி சமமாக வந்துசேரும் மண்டபம் ஒன்றில் இருப்பவரின் செவிப்பறை எவ்வளவு அழுத்தத்தைப் பெறுமோ, அதற்கு நெருங்கிய அளவைத் தருவதே அதன் குறிக்கோள்.

சென்ஹைசர் கண்ட வழி உறிஞ்சுதல். ஐ.ஈ. 800இன் நீள்வட்ட உறை செவிவாயிலுக்கு அண்மையிலேயே தங்கிவிடும். அணிவதற்கு அது எளிது; ஆனால் உள்ளிருக்கும் காற்றறை நீண்டதாகவே இருக்கும். புதிய பெருக்கத்தை இடம்பெயர்க்க முடியாதாகையால், அதனை அங்கேயே அடக்குவதற்கு ஒலிவழியில் இரு சிறு அறைகள் அமைக்கப்பட்டன. அவை அவ்வதிர்வுகளை உறிஞ்சித் தணிக்கின்றன. இதற்கு ஒரு நுட்பமான காரணமும் உண்டு. தவிலின் பக்கத்தே நிற்பவர்க்கு வீணை கேளாது. அவ்வாறே, பலத்த ஒலி தன்னை அடுத்து மேலேயுள்ள மெல்லொலிகளை மறைத்துவிடும் இயல்புடையது. இடையிலுள்ள மேடு தணிந்தால், அதற்கு அப்பால் மறைந்து கிடந்த நுண்ணொலிகள் வெளிப்படும்.

இனி, இவற்றைக் கேட்பவரின் அனுபவம் எத்தகையது? ஈ.ஆர். 4இல் பாடகரின் குரல் முன்வந்து நிற்கும். சொல்லின் முடிவில் வரும் மெல்லிய மூச்சும், தம்புராவின் தந்தி விரலைவிட்டு நீங்கும் கணமும் தனித்தனியே துலங்கும். ஒலிப்பதிவில் ஒரு குறை இருந்தால் அதனையும் மறைக்காது காட்டிவிடும். ஆயின் மிருதங்கத்தின் இடப்பக்கத்து ஒலி அளவோடு நிற்கும். நெஞ்சில் வந்து மோதாது. சிலர்க்கு இது தூய்மை, சிலர்க்கு வறட்சி. ஐ.ஈ. 800இலோ, தாழ்சுரங்கள் இயல்பினும் மிகுந்து பரந்து நிற்கும். மிருதங்கமும் பெரிய ஓர்கன் குழல்களும் கனத்தோடு ஒலிக்கும். தாளத்தின் உச்சி ஒலியும் மினுங்கும். மண்டபத்தின் அகலத்தை உணர்வது போன்ற நிறைவு உண்டாகும். ஆனால் அந்நிறைவின் நடுவே, குரல் ஓரடி பின்வாங்கி நிற்பதாகத் தோன்றுதலும் உண்டு.

நிறுவனங்கள் அச்சிடும் எண்களை மட்டும் நோக்கினால் இவ்வேறுபாடு விளங்காது. ஈ.ஆர். 4, செக்கனுக்கு 20 அதிர்வு முதல் 16,000 அதிர்வு வரை ஒலிக்கும் என்றும், ஐ.ஈ. 800, 5 முதல் 46,500 வரை ஒலிக்கும் என்றும் குறிக்கப்பட்டன. பின்னது மும்மடங்கு சிறந்தது என்று முடிவுசெய்தல் தவறு. இளமையிற்கூட மனிதச் செவி 20,000 அதிர்வுக்கு மேல் கேளாது. வயது ஏற அவ்வெல்லை கீழிறங்கும். பண்பலை வானொலி அனுப்பும் இசையும் 15,000 அதிர்வோடு நின்றுவிடும். ஆகவே வானொலி நேயர் ஒருவர்க்கு இரு கருவிகளின் எல்லையும் போதியதே. எல்லைக்குள் எந்தச் சுரம் எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்பதே ஒலியின் தன்மையை முடிவுசெய்கிறது.

இரு கருவிகளை நேர்மையாக ஒப்பிட விரும்புவோர் கவனிக்க வேண்டியவை சில உள. முதலாவது, அடைப்பு. உறை செவியோடு சரிவரப் பொருந்தாது சிறு இடைவெளி இருப்பினும், தாழ்சுரங்கள் அதன்வழியே கசிந்துவிடும். ஒலி மெலிந்தது என்று கருவியைக் குறைகூறுவோரிற் பலர்க்கு, உண்மையில் வேண்டுவது வேறு அளவான உறையே. இரண்டாவது, ஒலியின் பலம். ஈ.ஆர். 4 எஸ் என்னும் வடிவத்தின் தடை 100 ஓம், ஐ.ஈ. 800இன் தடை 16 ஓம். ஒரே பெட்டியில், திருகியைத் தொடாமல், ஒன்றைக் கழற்றி மற்றொன்றைப் பொருத்தினால், பின்னது மிகப் பலமாக ஒலிக்கும். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஃபிளெச்சர், மன்சன் என்னும் இருவர் 1933இல் வெளியிட்ட ஆராய்ச்சி, மெல்ல ஒலிக்கும்போது தாழ்சுரங்கள் செவிக்கு மேலும் மெலிந்து தோன்றும் என்பதைக் காட்டியது. பலமாக ஒலிப்பதே நிறைவாகத் தோன்றும். எனவே பலத்தைச் சமப்படுத்தாத ஒப்பீடு, தொடங்குமுன்னரே தீர்ப்பெழுதிய வழக்குப் போன்றது. மூன்றாவது, கண். விலையையும் பெயரையும் அறிந்த கண், செவிக்குத் தீர்ப்புச் சொல்லிக்கொடுக்கும். முடிந்தால் இன்னொருவர் கருவிகளை மாற்றித்தர, பெயரறியாது கேட்பதே நன்று.

பெயர் மறைத்து நடத்திய சோதனைகள் வியப்பான செய்திகளைத் தந்துள்ளன. அமெரிக்காவில் ஷோன் ஒலிவ் என்னும் ஆய்வாளரும் அவருடைய துணைவரும் நடத்திய சோதனைகளில், செவியுள் அணியும் கருவிகளைப் பொறுத்தவரை, தாழ்சுரம் சற்று மிகுந்த ஒலியையே பெரும்பாலோர் விரும்பினர். ஈ.ஆர். 4இன் அளவான தாழ்சுரத்தினும் ஐ.ஈ. 800இன் நிறைவைப் பலர் விரும்புவதற்கு இது ஒரு விளக்கமாகும். 2016இல் வந்த ஈ.ஆர். 4இன் இரு வடிவங்களில் ஒன்று தாழ்சுரம் சற்றுக் கூட்டப்பட்டதாக அமைந்ததும் கருதத்தக்கது. 2017இல் ஜெரூன் பிறீபார்ட் என்னும் ஆய்வாளர், இருநூற்றுக்கு மேற்பட்ட ஹெட்போன்களையும் இயர்போன்களையும் அளந்து பார்த்தார். அவற்றின் விலைக்கும், சுரங்களை அவை ஒலிக்கும் முறைக்கும் இடையே தொடர்பு எதனையும் அவர் காணவில்லை. விலை செய்திறனுக்கும் பொருளுக்கும் பெயருக்கும் உரியதாகலாம். இனிமைக்கு அது உறுதிச்சீட்டு அன்று.

ஆயினும் இனிமையினும் முக்கியமான ஒன்று இவ்வொப்பீட்டில் அடங்கியுள்ளது. ஆழச் செல்லும் ஈ.ஆர். 4, வெளி இரைச்சலை 35 டெசிபெலுக்கு மேல் குறைக்கும் என்பது அதன் நிறுவனத்தார் கூற்று. ஐ.ஈ. 800இன் பின்புறத்தே சிறு காற்றுத் துளைகள் உண்டு. அது அத்துணை இறுக அடைப்பதில்லை. அமைதியான அறையில் இதனால் தீங்கில்லை. இரைச்சல் 80 டெசிபெலை எட்டும் பேருந்திலோ, அவ்விரைச்சலை மேவுவதற்காக நேயரின் விரல் தன்னையறியாமலே ஒலியைக் கூட்டிவிடும். உலக சுகாதார நிறுவனம், 80 டெசிபெல் பலமுள்ள ஒலியை வாரத்தில் 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்நேரம் பாதியாகும். 90 டெசிபெலில் வாரம் முழுவதற்கும் 4 மணி நேரமே எஞ்சும். உலகில் நூறு கோடிக்கு மேற்பட்ட இளையோர், பாதுகாப்பற்ற முறையில் ஒலி கேட்பதனால் செவிப்புலனை இழக்கும் ஆபத்தில் உள்ளனர் என்றும் அந்நிறுவனம் எச்சரித்துள்ளது. உட்செவியில், ஒலியை உணரும் மயிர்க்கலங்கள் செவியொன்றுக்கு ஏறத்தாழ 15,000 உண்டு. இறந்த கலம் மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை.

ஆகவே, இவ்விரண்டில் எது சிறந்தது என்று கேட்போர்க்கு, எங்கே கேட்பதற்கு என்னும் மறுவினாவே முதல் விடையாகும். ஓசை நிறைந்த பயணத்தில், மெல்லிய ஒலியிலேயே சொல்லைத் தெளிவாக்குவது ஈ.ஆர். 4. அமைதியான இரவில், இசையின் கனத்தையும் அகலத்தையும் தருவது ஐ.ஈ. 800. ஒலியின் உண்மை இரண்டல்ல. ஆனால் செவிப்பறையை அடையும் ஒலி, கருவியும் அவரவர் செவிக்குழாயும் சேர்ந்து ஆக்குவது. ஒருவர் செவிக்குப் பொருந்தியது மற்றொருவர்க்குப் பொருந்தாதிருத்தல் அதனாலேயே. பொருந்தும் உறையைத் தேடி எடுத்தலும், பாட்டின் சொல் விளங்கும் அளவோடு ஒலியை நிறுத்துதலும், தெருவிலும் புகையிரதப் பாதையிலும் கருவியைக் கழற்றிவிடுதலும் எந்த விலைக்கருவிக்கும் பொது. 300 ரூபாய்க் கருவியை அவ்வாறு கேட்பவர், இலட்ச ரூபாய்க் கருவியை முழுப்பலத்தில் முழக்குபவரைக் காட்டிலும் நெடுங்காலம் இசை கேட்பார்.