யார் படிப்பதற்காக எழுதுகிறோம்?

கட்டுரை ஏடு என்றாலே நம்மில் பலருக்குத் தலைவலி. "எங்கள் ஊர்த் திருவிழா" என்று தலைப்புக் கொடுத்தால், நாற்பது ஏடுகளிலும் ஒரே தேர், ஒரே ராட்டினம், ஒரே பலூன்காரர்! காரணம் எளிது. அந்த ஏட்டைப் படிப்பவர் நம் ஆசிரியை ஒருவரே. அவரும் அதே திருவிழாவுக்குப் போய் வந்தவர். தெரிந்தவரிடமே தெரிந்ததைச் சொல்ல யாருக்குத்தான் ஊக்கம் பிறக்கும்?

இதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே மருந்து கண்டவர், பிரான்சு நாட்டுத் தொடக்கப்பள்ளி ஆசிரியர் செலஸ்தேன் பிரெனே (1896–1966). முதல் உலகப்போரில், 1917-இல், நுரையீரலில் குண்டடி பட்டவர். நெடுநேரம் பேசினால் அவருக்கு மூச்சு வாங்கும். ஆசிரியருக்குக் குரல் இல்லையென்றால் வகுப்பு என்ன ஆகும்? (எங்கள் வகுப்பாக இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை!) 1920-இல் பார் சூர் லூ என்னும் மலைக்கிராமத்தில் பணியேற்ற அவர், பிள்ளைகளை வயல்களுக்கும் தொழிலாளர் பட்டறைகளுக்கும் அழைத்துச் சென்றார். கண்டதைத் திரும்பி வந்து அவர்களே எழுதினார்கள்.

1924-இல் சிறியதோர் அச்சுப்பொறி வகுப்பறைக்கு வந்தது. பிள்ளைகள் எழுதியவற்றை வகுப்பில் வாசிப்பார்கள். எதை அச்சிடுவது என்று வாக்கெடுப்பார்கள். தேர்ந்ததைக் கரும்பலகையில் எழுதி, எல்லாரும் சேர்ந்து திருத்துவார்கள். பிறகு ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாக மாற்றிக் கோக்க வேண்டும். மை தடவித் தாளை அழுத்தினால் பக்கம் தயார். ஒவ்வோர் எழுத்தையும் கையால் எடுத்து வைக்கும் பிள்ளைக்கு எழுத்துப்பிழை தானே கண்ணில் படும். சிவப்பு மை பத்து முறை சொல்லியும் ஏறாதது இப்படி ஏறிவிடும் என்றே நாங்கள் நினைக்கிறோம்.

அதே 1924-இல், நாட்டின் மறுகோடியில் பிரெத்தாஞ் கடற்கரையிலிருந்த ஒரு கிராமப் பள்ளியுடன் கடிதப் போக்குவரத்துத் தொடங்கியது. அச்சிட்ட பக்கங்கள் தபாலில் போயின, அங்கிருந்தும் வந்தன. மலைப்பிள்ளைகளின் ஊர் கடலோரப் பிள்ளைகளுக்குத் தெரியாது; கடலோரப் பிள்ளைகளின் ஊர் மலைப்பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆகவே எதையும் "உங்களுக்குத்தான் தெரியுமே" என்று விட்டுவிட முடியவில்லை. விளக்கமாக எழுதியே ஆகவேண்டும். நம் கட்டுரை ஏட்டில் இல்லாதது இதுதான்.

எங்கள் வகுப்பில் அச்சுப்பொறி இல்லை. கையெழுத்துப் பத்திரிகைக்கு அது தேவையுமில்லை. நல்ல கையெழுத்துள்ள நான்கு பேரும், வேற்றூர்ப் பள்ளி ஒன்றின் முகவரியும் கிடைத்தால் மாதம் ஓர் இதழ் அனுப்பலாம்.

ஆனால் பலர் கைக்குப் போகும் எழுத்தில் ஆபத்தும் உண்டு. பிரெனே 1928-இல் சேன் போல் என்னும் ஊருக்கு மாறினார். அங்கே ஒரு பிள்ளை, மேயரைக் கொல்வதாகத் தான் கண்ட கனவை எழுத, அதுவும் அச்சேறியது. ஏற்கெனவே அவரைப் பிடிக்காதவர்கள் 1932-இல் அதைச் சுவரொட்டிகளில் போட்டுக் கிளர்ச்சி செய்தார்கள். மறு ஆண்டே அவர் அப்பள்ளியை விட்டு நீங்க நேர்ந்தது. 1935-இல் வான்ஸ் என்னும் பக்கத்து ஊரில் சொந்தமாகப் பள்ளி திறந்தார். அங்கும் பிள்ளைகள் அச்சுக் கோத்தார்கள்.

நாங்கள் பத்திரிகை தொடங்கினால், அனுப்புமுன் ஆசிரியையும் நாங்களும் சேர்ந்து படித்துப் பார்ப்போம். யார் மனத்தையும் புண்படுத்தும் பெயர்களை நீக்குவோம். கனவுகளை எழுதக் கூடாது என்று மட்டும் விதி வைக்க மாட்டோம்.